மேலக்கோட்டைப் பண்ணையார் கதவைச் சாத்திய விதம்

அன்று மயூர் விஹாரில் எங்கள் ஹாலில் ஆறு பேர் இருந்தோம். நான், ராமசுப்ரமணியன், மத்திய சர்க்காரில் துணைச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன், வயது எண்பத்து மூன்று. என் மனைவி ஜலஜா. மகன் பத்ரி. மருமகள் ஸ்நேகா. காலமான என் தங்கை மங்களத்தின் மகள் ஷ்ருதி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு குர்காவிலிருந்து வந்திருந்தாள். ஆறாவது ஆள் பக்கத்து ஃப்ளாட் பாலசுப்ரமணியம். வேர்க்கடலை வறுத்து வைத்திருந்தார்கள். உப்பு கொஞ்சம் தூக்கல்.

நான் சொன்னதை இன்ஸ்பெக்டர் இந்தியில் எழுதிக்கொண்டு வாசித்துக் காட்டினார். தகவல் பிழை இல்லை. ஆனால் ஏதோ ஆத்திரத்தில் செய்தவன் போல அதில் நான் தெரிகிறேன். முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்கள் எழுதிய வரைவுகளைத் திருத்தியவன் நான். என்னைப் பற்றிய ஒரு தப்பான வரைவை நிற்க விடுவதற்கில்லை. ஆகவே தமிழில் நானே எழுதித் தருகிறேன்.

மேலக்கோட்டைப் பண்ணையாரைத் தெரியாத தமிழர் எங்கள் தலைமுறையில் கிடையாது. அவன் வரும் படத்தை மூன்று முறை எடுத்துவிட்டார்கள். மூன்றிலும் கதை ஒன்றுதான். குடும்பப் பெயரைக் கெடுக்க இருக்கும் தங்கையை நெல் அறையில் வைத்து அண்ணன் கதவைச் சாத்துகிறான். கறுப்பு வெள்ளையில் நடித்தவர் நாடகத்திலிருந்து வந்தவர். தாழ்ப்பாளைப் படாரென்று போட்டு, சாவியைக் கிணற்றில் எறிந்து, அரை நிமிஷம் சிரிப்பார். கலரில் நடித்தவர் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுவார். இப்போது ஃபோனில் எட்டுப் பகுதிகளாக வந்திருப்பதில் ஓர் இளைஞர். அவர் ஒன்றுமே செய்வதில்லை. கேமரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்ரி மூன்று காட்சிகளையும் டிவியில் அடுத்தடுத்துப் போட்டான்.

"முதல் ஆள்தான் ஓய் பண்ணையார்," என்றார் பாலசுப்ரமணியம். "அந்தச் சிரிப்பைக் கேட்டு என் மாமியார் தியேட்டரை விட்டே எழுந்து போயிட்டா. மாமியாரை விரட்டினவன் வில்லனா, ஹீரோவா, நீங்களே சொல்லுங்கோ."

"ஓவர் ஆக்டிங், அங்கிள்," என்றாள் ஸ்நேகா. அவள் தில்லியில் பிறந்தவள். "மூணாவதுதான் பெஸ்ட். சுப்சாப், பேசாம நிக்கறான் பாருங்க, அதான் பயம்."

"அழறவன்தான் நிஜம்," என்றான் பத்ரி. "தங்கை இல்லையா? கல்லா அவன்?"

"உனக்கு எல்லாத்துக்கும் அழணும்," என்றாள் ஜலஜா. "கரண்ட் பில் வந்தாக்கூட அழுவே."

எல்லோரும் சிரித்தார்கள். ஷ்ருதி என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

நான் வேர்க்கடலையைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் கண் முன்னே ஒன்று மூன்று விதமாகத் தப்பாக நடக்கிறது. அதில் எது சரி என்று என்னைக் கேட்கிறார்கள்.

"மூணு பேரும் தப்பு," என்றேன். "அவாள்ளாம் முகத்தால கதவைச் சாத்தறா. கதவைச் சாத்தறவனுக்கு முகத்துல வேலை இல்லை. கைக்குத்தான் வேலை."

எழுந்து ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும் கதவருகில் நின்று காட்டினேன். இடது கையால் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிமூலை தரையில் உராயும். பிடியை விடும்போது விரல் விரலாக விட வேண்டும். தாழ்ப்பாள் தேவையே இல்லை. தூங்குகிறவளுக்கு எதற்குத் தாழ்ப்பாள்? பிறகு வலது காலால் கால்மிதியைக் கதவின் அடியில் இருக்கும் இடுக்கில் தள்ள வேண்டும், ஒரு தரம், பிறகு ஓரத்தில் இன்னொரு தரம். அவ்வளவுதான். அதன்பின் போய் உட்கார்ந்து பாக்கி வேலையைப் பார்க்க வேண்டும்.

ஸ்நேகா கை தட்டினாள். "அப்பா, நீங்கதான் பண்ணையார்!"

"எல்லாம் சரி ஓய்," என்றார் பாலசுப்ரமணியம். "கால்மிதி எங்கேர்ந்து வந்தது? மூணு படத்துலயும் அது இல்லையே."

ஷ்ருதி தட்டைக் கீழே வைத்தாள்.

"கால்மிதியை எதுக்கு மாமா தள்ளினேள்?"

"இடுக்கை அடைக்க."

"வெளிப் பக்கத்துலேர்ந்தா?"

அவள் மற்றவர்களைப் பார்க்காமல் என்னிடம் மட்டுமே பேசினாள். "அன்னிக்கு அம்மா ரூம் வாசல்ல கால்மிதி இப்படித்தான் சொருகியிருந்தது, வெளிப் பக்கத்துல. அதைத் தள்ளிட்டுத்தான் நான் உள்ள போனேன். உள்ள படுத்திருக்கறவ அதை எப்படி வெச்சிருப்பான்னு கேட்டேன். நான் அதிர்ச்சியில குழம்பிட்டேன்னு சொன்னேள். பதிமூணு வருஷமா நான் குழம்பிண்டிருக்கேன் மாமா. நீங்க வெச்சேளா?"

"ஆமாம்," என்றேன்.

பொய் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அதுவரை என்னை யாரும் நேராகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

காரணம் கேட்டார்கள். என் தந்தை கோபாலன் தில்லிக்கு வந்தபோது கையில் ஒரு டிரங்குப் பெட்டிதான். பிறகு சரோஜினி நகரில் எத்தனை குடும்பங்கள் அவர் சிபாரிசில் வேலைக்கு வந்தன என்பதற்குக் கணக்கில்லை. கல்யாணங்களில் முதல் தாம்பூலம் அவருக்குத்தான். 2012 ஜனவரியில் அவருக்கு நூற்றாண்டு விழா. ஒரு வருஷம் அலைந்து நான் ஏற்பாடு செய்தது. விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மங்களம் ஒரு பெயரைச் சொன்னாள். தர்மன். மார்க்கெட்டில் துணி ஆல்டர் செய்கிற தையல்காரர். மந்திர் மார்க்கில் ஒரு காலத்தில் மெஸ் நடத்திய பெண்மணியின் மகன். என் தந்தையின் மகன்.

"அவர் அப்பா மாதிரியே நிக்கறார் அண்ணா, ஒரு கால்ல பாரத்தைப் போட்டுண்டு," என்றாள். "ஐம்பத்தாறு வயசு வரைக்கும் அவர் நம்மகிட்ட எதுவும் கேட்டதில்லை. மேடையில ஒரு நாற்காலி போட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

அழைப்பிதழில் உள்ள பெயர்களுக்குத்தான் நாற்காலி என்றேன்.

"அப்ப நானே மைக்குல சொல்லிடறேன்."

சொன்னால் செய்வாள். அது எங்கள் குடும்பத்துக் குணம். கணவர் போனபின் அவளும் ஷ்ருதியும் எங்களோடுதான், பத்ரிக்கு ஒதுக்கப்பட்டிருந்த சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். பத்து நாள் அவளிடம் பேசிப் பார்த்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை, நானும் உயர்த்தவில்லை. பத்தாம் நாள் அவளுக்கு ஜுரம். வெளியே வெயிலே வராத மூடுபனி. காலையிலிருந்து மின்சாரம் இல்லை, ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஜலஜாவும் பத்ரியும் அழைப்பிதழ் கொடுக்க ஆர்.கே.புரம் போயிருந்தார்கள். ஷ்ருதி ஆபீஸில் இருந்தாள். மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு மங்களம் படுத்தாள். "குளிர்றது அண்ணா," என்றாள். பின்கட்டில் அங்கீட்டி என்கிற கரியடுப்பில் கரி மூட்டிக் கொண்டுவந்து அவள் கட்டிலருகே வைத்தேன்.

கெட்ட எண்ணத்தோடு மூட்டினேனா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லை. கரி மூட்டியது தங்கைக்குக் குளிர்கிறது என்பதற்காக. அந்த எண்ணம் ஜன்னலைச் சாத்தும்போதுதான் வந்தது. கதவுக்கு வரும்போது முடிவாகிவிட்டது. கதவைச் சாத்துவது என்பது அண்ணன்கள் தினம் செய்கிற காரியம். நான் அன்று புதிதாகச் செய்தது அந்தக் கால்மிதி ஒன்றுதான். அதைத் திரும்ப எடுக்க மறந்தது என் கவனக்குறைவு.

தில்லியில் இந்தச் செய்தி குளிர்காலம்தோறும் பேப்பரில் வரும்: மூடிய அறை, அங்கீட்டி, கரிப்புகை, எழுந்திருக்கவில்லை. போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. மணமான தங்கைக்கு எங்கள் வழக்கப்படி மூன்று நாள்தான் தீட்டு. ஆகவே விழாவைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கவில்லை. மங்களத்துக்காக ஒரு நிமிஷம் எழுந்து நின்று மௌனம் காத்தோம். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒருவர் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றிருந்தார். அவரை அங்கே யாருக்கும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

அந்தக் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. வரிசையோடு இடித்துவிட்டார்கள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பதிமூன்று வருஷமாக எந்த வீட்டிலும் ஒரு கதவையும் முழுக்கச் சாத்த நான் விடுவதில்லை. ஜனவரியிலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எனக்கு இளைப்பு என்று ஜலஜா நினைத்துக்கொண்டிருந்தாள். கீழே இஸ்திரி போடுகிறவன் பெட்டிக்குக் கரி மூட்டுவான். அந்த வாசனை மாடிக்கு வரும்போது என் வலது கால் தானாக ஒரு தரம் நகரும், பிறகு ஓரத்தில் இன்னொரு தரம். சொப்பனத்திலும் அந்தக் கதவு வரும். சாத்துவது அந்த நடிகர்களில் ஒருவராக இருக்கும். ஒரு நாள் சிரிக்கிறவர், ஒரு நாள் அழுகிறவர். நான் சாத்தி நான் பார்த்ததே இல்லை. அன்று ஹாலில் எழுந்து காட்டியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஷ்ருதி போலீஸுக்கு ஃபோன் செய்தபோது யாரும் தடுக்கவில்லை. பாலசுப்ரமணியம் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் போய்விட்டார். பத்ரி அழுதான். நான் சட்டையை மாற்றிக்கொண்டு காத்திருந்தேன். என்னைப் பொறுத்தவரை குடும்பத்தின் பெயர் இன்றும் சுத்தமாகத்தான் இருக்கிறது. மங்களத்தின் பெயரும் அதில் சேர்த்திதான். நூற்றாண்டு மலரின் முதல் பக்கம் அவளுக்குச் சமர்ப்பணம்.

கடைசியாக ஒரு திருத்தம். மங்களம் ஒன்றும் தெரியாமல் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அன்றிலிருந்து எங்கள் ஜனங்களிடையே ஒரு பேச்சு உண்டு. "புண்ணியவதி, அனாயாச மரணம்," என்று ஜலஜா ஷ்ருதியிடம் வருஷாவருஷம் சொல்லித் தேற்றுவாள். இப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்களாம். அது சரியல்ல. அவள் விழித்துக்கொண்டாள். கொஞ்சம் இருமினாள். "அண்ணா," என்று இரண்டு முறை கூப்பிட்டாள். நான் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து மலரின் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். "இதோ வரேன்," என்று பதில் சொன்னேன். அந்தப் பக்கத்தில் இன்னும் நாலு வரி பாக்கி இருந்தது.