பிலிமத்தலாவைப் பரீட்சகர்

பிலிமத்தலாவையில் காலையில் நல்ல பாண் கிடைக்கும். நான் கொழும்பு வீதியிலுள்ள ஒரு பித்தளைச் சாமான் கடையில் இரவுக் காவல் பார்க்கிறேன். டியூட்டி முடிந்து வெளியே வரும்போது பக்கத்துப் பேக்கரியில் அப்போதுதான் அடுப்பைத் திறப்பார்கள். அரை இறாத்தல் வாங்கிக்கொண்டு மேட்டிலிருக்கும் டாக்டர் ராஜரத்தினத்தின் வீட்டுக்குப் போவேன். தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்குவேன்.

என்ன வேலை என்று கேட்டீர்கள். அதற்கு முதலில் ஒரு விதியைச் சொல்ல வேண்டும்.

கண்டியில் ஒரு பட்டப்பின்படிப்பு நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆய்வு செய்கிற எவரும், எந்தப் பாடமானாலும், ஒரு ஜெர்மன் பகுதியை அகராதி வைத்துக்கொண்டு மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும். சுதந்திரம் கிடைத்த புதிதில் யாரோ வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர் போட்ட விதி. போட்டவர் செத்துவிட்டார். விதி சாகவில்லை. என் மனைவி பரிமளம், தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கங்காணிமாருக்கு வைத்த பட்டப்பெயர்களைப் பற்றி ஆய்வு செய்தாள். அதில் ஒரு ஜெர்மன் சொல்கூட இல்லை. ஆய்வேடு எழுதி முடித்து, பைண்ட் பண்ணி, கம்பளையில் எங்கள் அறையில் அலுமாரிக்கு மேல் கிடந்தது. ஜெர்மனில் சித்தியடையாமல் அதைக் கையில் வாங்கமாட்டார்கள். அவள் தற்காலிக விரிவுரையாளர். வருகிற தடவையும் தவறினால் பதிவு ரத்தாகும், வேலையும் போகும்.

அதே பரீட்சையில்தான் நானும் தவறினேன். அதோடு படிப்பை விட்டேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பரீட்சகர் யார் என்பது இரகசியம். எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். டாக்டர் ராஜரத்தினம் ஓய்வுபெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர், தனி ஆள். நிறுவனத்தில் வேறு யாருக்கும் ஜெர்மன் தெரியாது. பகுதியைத் தெரிவுசெய்வது அவர், திருத்துவதும் அவர். எல்லாம் தபாலில் வரும், தபாலில் போகும். அவர் முகத்தைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது என்று நிறுவனத்தில் பெருமையாகவே சொல்வார்கள்.

ஒரு நாள் காலை அவரிடம் போனேன். நான் யார், பரிமளம் யார் என்று மரியாதையாகத்தான் சொன்னேன்.

"வாரும், இரும்" என்றார். "உம்மடை மனுசி எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சனான். கெட்டிக்காரிதான். ஆனா அவ ஜெர்மன் வாசிக்கேல்லை. அகராதியைப் புரட்டிப்போட்டு ஊகிக்கிறா."

"இந்தத் தடவ மட்டும் பாத்துப் போடுங்க சேர். யாருக்கு என்ன நட்டம்?"

"ஒருத்தருக்கும் நட்டமில்லை. ஆனா போடமாட்டன்." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீரும் எழுதினனீர்தானே? உம்மடை தாள் இப்பவும் ஞாபகம் இருக்கு. நல்லாச் சிரிச்சனான்" என்றார்.

அதனால்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அந்த நேரம் விதியைத்தான் யோசித்தேன். பரீட்சகர் இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் ஒரு சமூகமே நிம்மதியாகப் படிக்கும். அவர் பேச்சை முடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து கண்ணயர்ந்தார். அது அவருடைய பழக்கம் போலிருக்கிறது. தலையணை பக்கத்திலேயே இருந்தது. அவர் அதிகம் சிரமப்படவில்லை, நானும் படவில்லை. மடுல்கெல்லத் தோட்டத்தில் தண்ணீர் ஓடும் கான் வெட்டிப் பழகிய கை என்பதால், பின்பக்கத்துச் சாதிக்காய் மரத்தடியில் குழி வெட்டுவதும் பெரிய வேலையாக இல்லை.

இது அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது தபால்காரர் முனாப் வந்துவிட்டார்.

"சேர் இல்லையா? ரெஜிஸ்டர் தபால். நீங்க யாரு?"

"ஸ்டூடன்ட்" என்றேன். அது பொய் இல்லை.

"அப்ப நீங்களே சைன வெச்சி எடுங்க. இந்த ஏத்தத்துல நான் திரும்பியும் வரமாட்டேன்."

உள்ளே நிறுவனத்தின் கடிதம். அடுத்த பரீட்சைக்குப் பகுதி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. அவர் இறந்தது தெரிந்தால் கொழும்பிலிருந்து இன்னொருவரைப் பிடிப்பார்கள். அவர் இறக்காமலிருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. அலுமாரியில் மெல்லிய ஜெர்மன் புத்தகம் ஒன்று கிடந்தது. படம் இல்லாத பக்கமாகப் பார்த்துக் கிழித்து, அவரைப் போல் கையொப்பமிட்டு அனுப்பினேன். வீட்டில் பகல் டியூட்டியும் கிடைத்திருக்கிறது என்று சொல்லிவைத்தேன். பரிமளம் சந்தோஷப்பட்டாள்.

விடைத்தாள்கள் வந்தன, அந்தப் பக்கமும் கூடவே திரும்பி வந்தது. எல்லோருக்கும் ஐம்பது போடுவது என்றுதான் உட்கார்ந்தேன். ஐம்பது போட்டால் சித்தி. ஆனால் ஒன்றையும் வாசிக்காமல் புள்ளி போடுவது சரியாகப் படவில்லை. திருத்துவதற்கு ஒரு மாதிரி விடை வேண்டாமா? டாக்டரின் அகராதியை எடுத்து, அந்தப் பக்கத்தை நானே மொழிபெயர்த்தேன். பல நாள் பிடித்தது. மனித ஆன்மா எப்படி ஒரு துவாரத்தின் வழியாக நுழைந்து, இழுபட்டு, மறுபக்கம் போய் முடிச்சாகிறது என்பதைப் பற்றிய ஆழமான பகுதி. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

அதன் பிறகு விடைத்தாள்களைப் பார்த்தேன். ஒருவர்கூட என் மொழிபெயர்ப்புக்குக் கிட்ட வரவில்லை. தாஸிம் என்றொரு பையன், தையல்காரரின் மகனாம், நூலைக் கோப்பது, ஊசியை மாற்றுவது, எண்ணெய் விடுவது என்று எழுதியிருந்தான். பூச்சியம் போட்டேன். அது தையல் மெஷினோடு வருகிற கையேடு என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். அப்படியானாலும் அவன் எழுதிய விதத்தில் ஆழம் இல்லை.

தாள்களை வைத்துக்கொண்டு புள்ளிகளை மட்டும் தபாலில் அனுப்பினேன், பெறுபேறு வந்தது. எல்லோரும் தவறியிருந்தார்கள். பரிமளம் இரவு சாப்பிடவில்லை. நான் ஆறுதல் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனேன்.

மறுநாள் டாக்டர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவள் நிற்கிறாள். நல்ல சேலை, கையில் பழப்பை.

"நீங்க இங்க என்னங்க செய்றீங்க? டாக்டர் எங்க?"

"பரீட்சை எழுதினவங்க பரீட்சகர வீட்டுல வந்து பாக்கக்கூடாது" என்றேன்.

"என்ன பேச்சு இது? கால்ல விழுந்தாவது கேக்கலாம்னு வந்திருக்கேன். இந்த மாசத்தோட வேல போகுது, தெரியும்ல?"

"தெரியும்."

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மேசையில் அவளுடைய விடைத்தாள் இருந்தது. சிவப்பு மையில் நாற்பத்தெட்டு. பக்கத்தில் மூடாத பேனை.

"இது ஒங்க எழுத்து" என்றாள். "ஒங்களுக்குத்தான் ஜெர்மனே தெரியாதே. பெயிலாகித்தானே படிப்ப விட்டீங்க."

"என் தாள் அவர் திருத்தினது."

"ரெண்டு மார்க்குங்க. ரெண்டே ரெண்டு. போட்டிருக்கலாம்ல?"

"எல்லாரையும் விடக் கூட எடுத்தது நீதான்" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன்.

அவள் பேனையை எடுத்து மூடினாள். பிறகு மெதுவாக, "டாக்டர் எங்க?" என்று திரும்பக் கேட்டாள். மனைவியிடம் நான் எதையும் மறைப்பதில்லை. ஜன்னல் வழியாகச் சாதிக்காய் மரத்தடியைக் காட்டினேன். பழப்பையைக் கீழே போட்டுவிட்டு மேட்டிலிருந்து ஓடினாள். செருப்பு ஒன்று வாசலில் கிடந்தது.

நீங்கள் வந்து சேரும்வரை எனக்கு நேரம் இருந்தது. தப்பி ஓட யோசிக்கவில்லை. அவளுடைய தாளை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். எங்காவது இரண்டு புள்ளி ஒளிந்திருக்கிறதா என்று நேர்மையாகத் தேடினேன். இல்லை. பிறகு பரீட்சகரை வீட்டில் சந்தித்து வற்புறுத்திய குற்றத்துக்காக அவளை இனி எந்தப் பரீட்சைக்கும் அனுமதிக்க வேண்டாம் என்று நிறுவனத்துக்கு எழுதி, டாக்டரின் பெயரில் ஒப்பமிட்டு, வாசலுக்கு வந்த முனாப்பிடம் கொடுத்தேன். நீங்கள் ஜீப்பை நிறுத்தியபோது அவர் சைக்கிளில் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

ராஜரத்தினத்தைக் கொன்றது நான். அதை ஒப்புக்கொள்கிறேன். பரிமளத்தின் வேலை போனதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அவள் எழுதியது அவ்வளவுதான்.