தொண்ணூறுக்குக் கீழே

ஹலோ... ஹலோ, சுகாதார நிலையமா? ரெத்னோ சிஸ்டர்தானே... நான் சுமியாத்தி, காடிங் சந்துலேர்ந்து. ஹார்ஜித்தோவோட சம்சாரம்... ஆமா, ஆமா, இதயத்துக்கு மாத்திர சாப்பிடுறவரு. வியாழக்கிழமதோறும் நீங்கதானே பிரஷர் பாக்குறீங்க...

பகல் தொழுகை முடிச்சு எந்திரிக்கையில அப்படியே சாஞ்சுட்டாரு... இல்ல, இல்ல, நெனவு இருக்கு. பாயிலதான் படுத்திருக்காரு. இன்னைக்குக் காலையில பிரஷர் எண்பத்தஞ்சுன்னு எழுதிக் குடுத்தீங்கல்ல, அதுக்குத்தான் ஆட்டுக்கறியக் குச்சியில குத்தி சாத்தே சுட்டுக்கிட்டிருந்தேன்... சிரிக்காதீங்க. நீங்களும் இந்த சோலோ ஊர்ல பொறந்தவங்கதானே. பிரஷர் ஏறுனா வெள்ளரிக்கா, எறங்குனா ஆட்டுக்கறின்னு நம்ம ஊரே சொல்லும்ல... சரி, சரி, படிச்சவங்க நீங்க.

என்னது? டாக்டரப் பாத்துட்டுப் போங்கன்னு சொன்னீங்களா... இவரு எங்கிட்ட மூச்சே விடலியே. சீட்ட நீட்டி, அடுப்பப் பத்த வைன்னாரு.

மாத்திரையா? தெனம் ஒண்ணுதான்... இருங்க, அட்டைய எடுக்குறேன்... திங்கக்கிழம பிரிச்சது. பத்துல நாலு போனா ஆறு இருக்கணும்... நாலுதான் இருக்கு சிஸ்டர்.

இருங்க... என்னங்க, தூங்குற மாதிரி நடிக்காதீங்க. இன்னைக்கு எத்தன போட்டீங்க?... மூணாம் சிஸ்டர். வெரலக் காட்டுறாரு.

ஏன்னு கேக்குறீங்களா... எப்படிச் சொல்றது, வெக்கமா இருக்கு. போன வாரம் நூத்திப்பத்து இருந்துச்சு. சாத்தே கேட்டாரு. தொண்ணூறுக்குக் கீழ எறங்கட்டும், சுட்டுத் தாரேன்னேன்... சும்மா, வாய அடைக்கத்தான். மனுசன் மாத்திரயக் கூடப் போட்டு எறக்கிக்கிட்டு வந்து நிக்கிறாரு.

ம்... ம்... கால்ல தலகாணி வெச்சுத் தூக்கணும், சரி. எந்திரிக்க விடக்கூடாது, சரி... வாயில ஒண்ணும் குடுக்கக்கூடாது, சரி, சரி. இந்தச் சனியன் மாத்திரயவே தூக்கிப் போட்டுடறேன்... அதுவும் கூடாதா? திடீர்னு நிறுத்துனா இதயத்துக்கு ஆகாதா... நல்லாருக்கே. கூட்டுனாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. இவரக் கட்டிக்கிட்ட மாதிரியே.

வண்டி கெளம்பிடுச்சா... பச்சக் கதவு வீடு, மசூதிக்கு எதுத்தாப்புல... சிஸ்டர், அவரு கை சில்லுன்னு இருக்கு. எனக்கு பயமா இருக்கு சிஸ்டர்... இல்ல, பேசுறாரு. அடுப்புல கருகுதுன்னு எனக்கே சொல்றாரு.

என்ன கேட்டீங்க?... நம்பர் கிம்பர் பாக்காம, பாவம் ஆசப்படுறாரேன்னு ரெண்டு குச்சி குடுத்திருப்பேனாவா...

மாட்டேன் சிஸ்டர்... அவருக்கும் அது தெரிஞ்சிருக்கு.

இந்தா, வண்டி வந்துடுச்சு. வெச்சுடறேன்.