வராத காய்ச்சலுக்கு ஒரு பால்குடம்

எழுபதுகளின் மலேசியாவில் ஒரு விடுமுறை. ஈப்போவில் பஸ் ஏறியதும், பெரிய படிப்பாளியைப் போல மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டேன். முன் இருக்கையில் என்னைப் போலவே ஊருக்குத் திரும்பும் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள். கண்ணாடி போட்டவன் சொன்னான்:

“மச்சான், எனக்கு வராத காய்ச்சலுக்கு அம்மா பால்குடம் நேந்துக்கிட்டாங்க.”

நான் மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

“வராத காய்ச்சலா?” என்றான் கூட்டாளி.

“ரெண்டு மாசமா கிளாஸ் பக்கமே போகல. புக்கைத் தொட்டாலே கை கனக்குது. அதை எப்படி வீட்டுக்கு எழுதறது? எங்க ரப்பர் தோட்டத்துலேருந்து யுனிவர்சிட்டிக்குப் போன மொத ஆளுலா நான். காய்ச்சல்னு எழுதிட்டேன்.”

“இப்ப?”

“நாளைக்குத் தோட்டத்துக் கோயில்ல பால்குடம் எடுக்கணும். ஒம்போது மணி கிளாஸுக்கு எந்திரிக்காதவன், நாலு மணிக்குப் பச்சைத் தண்ணியில குளிக்கணும்.”

கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, “அம்மாகிட்ட பொய் சொன்னே, சரி. சாமிகிட்டயுமாடா?” என்றான்.

கண்ணாடிக்காரன் சன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்தபடி சொன்னான்:

“குடத்தை இறக்கி வெச்சதும் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன். ஆனா எடுக்காம இருக்க மாட்டேன். காய்ச்சல்தான் பொய் மச்சான். குணமாகணும்ங்கறது நெசம்லா.”

சுங்காயில் இருவரும் இறங்கிப் போனார்கள். என் புத்தகம் இன்னும் மூன்றாம் பக்கத்தில்தான் இருந்தது.

நான் வீட்டுக்கு எழுதியிருந்தது வயிற்றுவலி. அம்மா என்ன நேர்ந்துகொண்டாரோ என்று, தோள்வரை ஆசையாய் வளர்த்திருந்த முடியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.