எத்தனை முட்டி தாங்கும்

தச்சர்: புதுசு உதவாது தம்பி. பளபளப்புதான். நாலு எலும்பு அறுத்தா பல்லிளிச்சிடும்.

வார்டு ஆள்: மெதுவாப் பேசுங்கண்ணே. ரெண்டு ரம்பத்தையும் உங்க கட்டிலுக்கே கொண்டாந்தது சிஸ்டருக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடும்.

தச்சர்: நாளைக்கு அறுக்கப்போறது என் காலை. நான் பாக்காம யாரு பாக்கறது?

வார்டு ஆள்: அறுத்து எடுக்கலண்ணே... வளைஞ்ச எலும்பை வெட்டி நிமித்தறாங்க. நிமித்தினாத்தானே ஏணி ஏறுவீங்க?

தச்சர்: அதுக்கும் ரம்பந்தானே? முப்பது வருசமா அதைத்தான் பிடிக்கறேன். இந்தப் பழசு இருக்கே... இது எத்தனை முட்டி பாத்திருக்கும்?

வார்டு ஆள்: எண்ணிப் பாத்தா சோறு இறங்காது.

தச்சர்: ஆனா பல்லு தேயலையே. என்ன இரும்பு?

வார்டு ஆள்: நல்ல இரும்பு.

தச்சர்: நல்ல இரும்புன்னா... எந்த மாதிரி?

வார்டு ஆள்: நல்ல மாதிரி. இருங்க... உங்க ஊன்றுகோல் ஏன் குட்டையா இருக்கு?

தச்சர்: நீ டீ வாங்கப் போனப்ப ரெண்டு ரம்பத்தையும் அதுல இழுத்துப் பாத்தேன். புதுசு பாதியிலயே திணறிடுச்சு. பழசு வாழைத்தண்டுல போற மாதிரி போச்சு.

வார்டு ஆள்: நாளன்னிக்கு எதை ஊனி நடப்பீங்க?

தச்சர்: நடக்கற நிலைமை வந்தா பாத்துக்கலாம்.

வார்டு ஆள்: இதென்ன போர்வையில... இரும்புத்தூளா?

தச்சர்: டீ ஆறுது பாரு.

வார்டு ஆள்: தலகாணிக்கு அடியில என்னண்ணே?

தச்சர்: ஒண்ணுமில்ல.

வார்டு ஆள்: ஒண்ணுமில்லாததுக்கு மரப்பிடி இருக்கே.

தச்சர்: அரம். மழுக்கத்தான் தம்பி எடுத்தேன். ரம்பம் அறுக்கலேன்னா நாளைக்கு ஆபரேசன் நின்னுடும்னு... பயம், வேறென்ன. பழசுல ரெண்டு பல்லு சாஞ்சிருந்துச்சு. அதைப் பாத்ததும் கை சொன்ன பேச்சு கேக்கல. கூர் போட்டு வச்சுட்டேன்.

வார்டு ஆள்: அப்ப நானும் சொல்லிடறேன். அந்தப் பழசு பத்து வருசத்துக்கு முன்னாடியே கழிச்சுப் போட்டது. புதுசு, சும்மா காட்டறதுக்கு கம்பெனி ஏஜெண்ட் விட்டுட்டுப் போனது. நாளைக்கு உங்களுக்கு வர்றது பூட்டின பெட்டியில பத்திரமா இருக்கு. இதை நான் வச்சிருக்கறதே பயந்த தொழிலாளிங்க கையில கொடுக்கத்தான். போன வாரம் கொல்லர், அதுக்கு முந்தி கறிக்கடைக்காரர்... எல்லாரும் மழுக்கணும்னுதான் அரத்தை ஒளிச்சு வச்சிருந்தாங்க, கடைசியில கூர் போட்டுத்தான் கொடுத்தாங்க. இல்லேன்னா, பத்து வருசமா பல்லு தேயாம இருக்க அது என்ன வானத்துலேர்ந்து விழுந்த இரும்பா?