அப்பாவை அழைத்து வரச் சொல்லாத பேராசிரியைக்கு

வருகைப் பதிவில் வளைந்து கொடுக்காத வன்னெஞ்சரே! வாடிய முகம் கண்டால் வகுப்பையே நிறுத்திவிடும் மென்னெஞ்சரே! அனந்தபுரத்து மாசிலாமணி ஐயாவின் அருமை மகளாய்ப் பிறந்து, 1993இல் திண்டிவனத்திலுள்ள நம் கல்லூரிக்கு விரிவுரையாளராய் வந்து, விலங்கியல் துறைக்குத் தலைவராய் உயர்ந்து, இந்த 2017 மே திங்களில் பணி நிறைவு பெறும் பேராசிரியர் அக்னஸ் அம்மையீர்! வணக்கம்.

தாமதமாய் வந்தோரைத் தாழ்வாரத்தில் நிறுத்தினீர்கள். தவளையைத் தொடத் தயங்கியோரைத் தட்டிக்கொடுத்தீர்கள். உங்கள் தேநீரில் சர்க்கரை கூடிவிட்டால் சிற்றுண்டிச்சாலையே நடுங்கியது. இவையெல்லாம் எந்தப் பாராட்டு மடலிலும் எழுதத்தக்கவைதாம். நாங்கள் எழுத வந்தது வேறு.

பாலியல் தொந்தரவுகளை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு அமைக்கப்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பு உங்களிடம் வந்தது. மாணவியர் ஓய்வறையில் நீங்கள் எழுதி மாட்டிய பலகை சட்டத் தமிழில் இல்லை. தொடுவது மட்டுமல்ல, பேசுவதும், மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டுவதும் தொந்தரவே. எங்களிடம் சொல்லலாம், காவல் நிலையத்தில் சொல்லலாம், இரண்டு இடத்திலும் சொல்லலாம் என்று எளிய தமிழில் எழுதியிருந்தீர்கள்.

இனி ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறோம். பெயர், ஊர், துறை, ஆண்டு எதையும் சொல்ல மாட்டோம். முன்வரிசையில் கழுத்தை நீட்டுவோர் வசதியாகச் சாய்ந்து அமரலாம். அவரைக் கேட்டு, அவர் சரி என்ற அளவே இங்கே எழுதியிருக்கிறோம்.

பட்டம் பெற ஒரு பருவமே மீதியிருந்த நேரம். செய்முறை மதிப்பெண்ணைக் கையில் வைத்திருந்த ஓர் ஆசிரியர் அவரைத் தனியே அழைத்துத் தகாத முறையில் நடந்துகொண்டார். மாணவி அலுவலகத்துக்கு வந்து, புகார் கொடுக்க வேண்டும் என்றார். கண்காணிப்பாளர் பாண்டுரங்கன், கட்டண பாக்கிக்கும் அடையாள அட்டை தொலைந்ததற்கும் வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்: "எதுவா இருந்தாலும் அப்பாவக் கூட்டிக்கினு வாம்மா." அவர் இதில் தீங்கேதும் நினைக்கவில்லை, இதை எழுதவும் சம்மதித்தார். ஆனால் அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பு அன்றோடு நின்று, அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்பது மாணவிக்குத் தெரியும். அவர் கல்லூரிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

பேச்சுவாக்கில் இது உங்கள் காதுக்கு எட்டியதும், பாதிச் சோற்றில் கைகழுவி எழுந்தீர்கள். தோழி மூலம் சொல்லியனுப்பி, பஸ் ஸ்டாண்டில் அந்த மாணவியைச் சந்தித்தீர்கள். "புகாரு உன்னுது. அப்பா வந்தாத்தான்னு சட்டத்துல எங்கியும் இல்ல. குடுக்கறதா வேணாமான்னு நீதான் முடிவு பண்ணணும். வேணாம்னாலும் உன் மார்க்க வேற ஆளு போடறதுக்கு நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். அரசு மருத்துவமனையில் மனநல ஆலோசகர் இருப்பதையும், தனியாய்ப் போக வேண்டாம், கூட வருகிறேன் என்பதையும் சொன்னீர்கள். சில நாள் கழித்து அவர் புகாரில் கையெழுத்திட்டார்.

பேசி முடித்துவிடலாம் என்று பெரிய மனிதர்கள் உங்கள் வாசலுக்கு வந்தார்கள். "பேசி முடிக்க இது வரப்புத் தகராறு இல்லிங்க" என்று காபி கொடுத்து அனுப்பினீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரையும் முழுமையாகப் பேசவிட்டீர்கள். அவர் பக்கத்துச் சாட்சிகளையும் மரியாதையோடு கேட்டீர்கள். குற்றம் உறுதியானது, அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அதற்குப்பின் உங்களுக்கு வரவேண்டிய முதல்வர் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. ஏனென்று நீங்கள் யாரையும் கேட்கவில்லை.

பட்டமளிப்பு விழாவில் அந்த மாணவியின் தந்தை உங்களைத் தேடி வந்து கைகூப்பினார். "எம் பொண்ணு ஒரு பேஜாரும் இல்லாம படிச்சி முடிச்சிடுச்சிங்க மேடம்" என்றார். "ஆமாங்க, நல்ல பொண்ணு" என்றீர்கள்.

இம்மடலுக்காக அந்த மாணவியிடம் பேசினோம். அவர் சொன்னது இது: "பஸ் ஸ்டாண்டுல மேடம் மொதல்ல ஒண்ணுமே கேக்கல. நான் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்துல குந்திக்கினு இருந்தாங்க. அவங்க பஸ்ஸு வந்துச்சி, போயிடுச்சி. அடுத்ததும் போயிடுச்சி. எனக்கு ஒண்ணும் அவசரமில்லன்னாங்க."

அம்மையீர்! உடல்நலமும் உளநிறைவும் பெற்று, பேரப்பிள்ளைகளையும் தாழ்வாரத்தில் நிறுத்தி, நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். நாளை உங்கள் நாற்காலியில் எங்களில் ஒருவர் அமர்வார். சட்டம் எங்களுக்குத் தெரியும், விசாரணை முறையும் தெரியும். ஒரு பெண் அழுது முடிக்கும்வரை காத்திருக்க எங்களுக்கு வருமா என்பதுதான் தெரியவில்லை. அந்தப் பயத்தோடுதான் உங்களை வழியனுப்புகிறோம்.

இவண்,
உள்ளகப் புகார்க் குழுவினரும்
கல்லூரிப் பேராசிரியர், அலுவலர் அனைவரும்
திண்டிவனம்