கடைசி ஆள் கொடுக்கும் குரல்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நாளைக் காலை ஆறு மணிக்கு, மனிதகுலத்தின் நலன் கருதி, நாம் ஏழு பேரும் இறுக்கமான கால்சட்டை அணிந்து, மேற்குக் கடலில் சைக்கிளின் பின்சக்கரத்தை நனைத்துவிட்டுக் கிளம்புகிறோம். கிழக்குக் கடலில் முன்சக்கரம் நனையும்வரை ஓயமாட்டோம். நூற்று நாற்பது மைல். மூன்று நாள். வரலாறு நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. நம் பிட்டத்தையும் யாராவது கவனித்துக்கொண்டால் நல்லது.

சரி. விளக்கை அணைத்தாயிற்று. இந்தத் தேவாலயக் கூடத்துத் தரையில் இன்று யாருக்கும் தூக்கம் வரப்போவதில்லை. அந்தச் சிப்ஸ் பையை நொறுக்குவதை நிறுத்தினால் ஒன்று சொல்கிறேன். இதோ படுத்திருக்கிறாளே டெனிஸ், அவள் அண்ணன் நெவிலுக்கு நடந்தது.

"அவன்கிட்டப் போய்க் கேட்டுராதீங்க. எந்திரிச்சு வெளிய போயிருவான்," என்றாள் டெனிஸ், இருட்டிலிருந்து.

நெவில் குழாய் பழுது பார்ப்பவர். கற்பனை என்பது அறவே கிடையாது. அதனால்தான் நம்பவேண்டியிருக்கிறது.

சாயங்காலம் நாலே முக்கால். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நாம் நாளை மறுநாள் கடக்கப்போகும் அதே மேட்டுச் சாலை. இடப்பக்கம் கல்சுவர்... வலப்பக்கம் ஒன்றுமில்லை. புல், பனிமூட்டம், எங்கோ ஓர் ஆட்டின் இருமல். இதே அறப்பயணத்துக்குப் பழகிக்கொள்ள நான்கு பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் ராட்னி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடம் மட்டும்தான். பயண விதிகளை அச்சடித்து, நனையாதபடி உறைபோட்டு, ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். முதல் விதி: யாரையும் விட்டுச் செல்லமாட்டோம். அடுத்து, அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் பெரில். பிறகு நெவில். கடைசியில், எப்போதும் போல, மாரிஸ்.

மாரிஸுக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் தகராறு. மூட்டுக்குத் தைலம் பூசிக்கொண்டுதான் ஏறுவார். கற்பூரமும் புதினாவும் கலந்த வாசனை... அவர் வருவதற்கு முன்னால் அது வரும். மனைவி பாலின் முந்தைய கோடையில் போய்விட்டாள். அவள் கடைசி மாதங்களைக் கழித்த பராமரிப்பு இல்லத்துக்கு நிதி திரட்டத்தான் இந்தப் பயணமே.

கடைசி ஆளின் வேலை நமக்குத் தெரியும். மேடு ஏறி முடித்ததும் முன்னால் இருப்பவர் மெதுவாக்குவார். கடைசி ஆள் வந்து ஒட்டிக்கொண்டதும் குரல் கொடுப்பார்: "எல்லாரும் வந்தாச்சு!" முன்னவர் கையை உயர்த்துவார். மறுபடி மிதி. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் சக்கரம் ஆடும், முன்னே போகிறவர்மேல் உரசும். குரலை நம்பித்தான் போகிறோம்.

வாரம் முழுக்க மாரிஸ் வாயிலிருந்து உரக்க வரும் சொல் அது ஒன்றுதான் என்பார் நெவில். வீட்டில் பேச யாருமில்லை.

அன்று கிளம்பும் முன், மாரிஸ் சற்றுத் தள்ளித் தைலம் பூசிக்கொண்டிருந்தபோது, ராட்னி நெவிலை ஓரம் கட்டினார்.

"மாரிஸ்கிட்ட நீ சொல்லிரு. இந்தத் தடவ அவன் வேண்டாம். வந்தா மூணு நாள் நாலு நாளாயிரும்."

"தலைவர் நீங்கதானே? நீங்க சொல்லுங்க."

"தலைவர்ங்கறதாலதான் சொல்ல முடியல."

"அவரு பொண்டாட்டிக்காகத்தானேய்யா இந்தக் கூத்தே?" என்றாள் பெரில்.

"உணர்ச்சி வேற, சராசரி வேகம் வேற, பெரில்."

நெவில் சைக்கிளில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அதுதான். எப்படிச் சொல்வது... எங்கே வைத்துச் சொல்வது.

முதல் மேடு ஏறியாயிற்று. ராட்னி மெதுவாக்கினார். பின்னாலிருந்து குரல். "எல்லாரும் வந்தாச்சு!" கை உயர்ந்தது. மிதி.

பாலம் வந்தது. மறுபடியும் குரல்.

பிறகு, ஆடுகள் தாண்டாதபடி சாலையின் குறுக்கே பதித்திருக்கும் இரும்புக் கம்பிகள். ட்ர்ர்ர்... ராட்னி. ட்ர்ர்ர்... பெரில். ட்ர்ர்ர்... நெவில். கொஞ்சம் இடைவெளி. ட்ர்ர்ர். "எல்லாரும் வந்தாச்சு!" எதிர்காற்று; இருந்தும் பின்னாலிருந்து அந்த வாசனை. கற்பூரம், புதினா.

பனி இன்னும் இறங்கியது. முன்னால் பெரிலின் சிவப்பு விளக்குகூட மங்கிவிட்டது. இப்போதே சொல்லிவிடலாம் என்று நெவிலுக்குப் பட்டது. முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை பாருங்கள்.

திரும்பாமலே சொன்னார். "மாரிஸ்... இந்த வருசம் நீங்க வரவேண்டாம்னு முடிவு பண்ணிருக்காங்க. நானும் சரின்னு இருந்துட்டேன். மன்னிச்சிருங்க."

சங்கிலி ஓடும் சத்தம் மட்டும்... க்ளிக், க்ளிக், க்ளிக். ஒரே சீராக, அவர் தோளுக்குப் பின்னால்.

அடுத்த கம்பிகள். ட்ர்ர்ர் நான்கு முறை. "எல்லாரும் வந்தாச்சு." கொஞ்சம் தணிந்த குரலில்.

பதினொரு மைல் தள்ளி மதுக்கடை வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று பேர்தான் இருந்தார்கள்.

ஐந்து நிமிடம் பார்த்தார்கள். பத்து நிமிடம். ராட்னி கடிகாரத்தைத் தட்டி, "ஒழுங்கு இல்ல," என்றார். நெவில் கடைக்காரரின் காரை வாங்கிக்கொண்டு வந்த வழியே போனார். பாலத்தில் இல்லை. கம்பிகளில் இல்லை. முதல் மேட்டில்... உச்சிக்குக்கூட வரவில்லை, பாதி ஏற்றத்தில், சுவரோரம் உட்கார்ந்திருந்தார் மாரிஸ். சைக்கிள் தலைகீழாக நின்றது. பின் டயரில் காற்று இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏறும்போதே டயர் போயிருச்சு. கத்தினேன். எதிர்காத்து. ஒருத்தரும் திரும்பல."

நெவில் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார்.

"ரொம்ப நன்றி நெவில்," என்றார் மாரிஸ்.

"எதுக்கு?"

"வாயத் தொறந்து சொன்ன பாரு, அதுக்கு. ராட்னின்னா தபால்ல அனுப்பிருப்பான்."

"நான் எங்க சொன்னேன்?"

"இங்கதான். இப்ப கொஞ்சம் முன்னாடி, பக்கத்துல உக்காந்து. நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் சொன்ன. பரவால்ல."

நெவில் மாரிஸை ஏற்றிக்கொண்டு திரும்பினார். காரில் தைல வாசனையே இல்லை என்பது பாதித் தூரம் போன பிறகுதான் உறைத்தது. அந்தப் புட்டியைக் கிளம்பிய இடத்திலேயே மறந்துவிட்டதாகவும், பூசியதெல்லாம் பனி ஈரத்தில் போய்விட்டதாகவும் மாரிஸே சொன்னார்.

மே மாதம் மூன்று பேர் கிளம்பினார்கள். நெவில்தான் கடைசி ஆள். முதல் மேடு ஏறி முடித்து, குரல் கொடுக்க வாயைத் திறந்தார்.

"எல்லாரும் வந்தாச்சு!"

அது அவர் கொடுத்த குரல் இல்லை. பின்னாலிருந்து வந்தது.

ராட்னி கையை உயர்த்தினார். மிதித்தார். பெரில் மட்டும் ஒரு நொடி மிதிக்காமல் உருண்டாள். அவளும் திரும்பவில்லை. மூன்று நாள்... ஒவ்வொரு மேட்டிலும், ஒவ்வொரு பாலத்திலும். நெவில் வாயே திறக்கவில்லை. தேவைப்படவில்லை.

கிழக்குக் கடலில் சக்கரத்தை நனைத்த கையோடு நெவில் மாரிஸுக்குப் போன் போட்டார். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்தவரின் குரல் அடையாளமே தெரியவில்லை. கிழிந்துபோயிருந்தது.

"என்ன மாரிஸ், சளியா?"

"இல்லப்பா. தொண்டை கட்டிருச்சு. மூணு நாளா."

"வீட்டுல யாராவது வந்திருந்தாங்களா?"

"இங்க யாரு வருவா?" இருமிக்கொண்டே கேட்டார். "எல்லாரும் போய்ச் சேந்துட்டோம்ல?"

"சேந்துட்டோம்," என்றார் நெவில்.

அன்று மாலை கடற்கரையில் ராட்னி இருபது நிமிடம் பேசினார். முதல் விதியை உறையிலிருந்து எடுத்து உரக்கப் படித்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

பதக்கம் மூன்றுதான் வந்திருந்தது.