புகைத்துளைக்கு ஒரு மூடி

வீட்டில் தகரம் வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவசரத்தில்தான் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள். எனக்கு இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை, ஐயா. நடுவில் ஆணியடித்து, நூல் கட்டி வட்டம் போடுவேன். அடியில் பலகை வைத்து, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கோட்டுக்கு உள்ளேயே உளியால் கொஞ்சங்கொஞ்சமாக வெட்டுவேன். பிறகு விளிம்பை அரத்தால் ராவிவிடுவேன். மல்லசமுத்திரம் வட்டாரத்தில் இவ்வளவு ஜாக்கிரதையான ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

என் அண்ணன் சின்னுசாமிக்குப் பதினெட்டு வருஷமாகப் பிள்ளையில்லை. அவருடைய பூமியும் கிணறும் எனக்குத்தான் என்று ஊரே சொன்னது. நான் வாய் திறந்து கேட்டதில்லை, அவ்வளவு அடக்கம். மாடாய் உழைத்ததோடு சரி. அப்புறம் பாவாயி அண்ணி முழுகாமல் இருந்தார்.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவள்மேல் காற்றுப் படக் கூடாது. கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் துணி அடைத்து, கட்டிலடியில் கரிநெருப்புச் சட்டி வைப்பார்கள். அதற்கென்று ஒதுக்கிய அறைக்குப் புதிதாகத் தகரம் வேய்ந்திருந்தது. அண்ணன் பயந்த சுபாவம்.

"மேல ஒரு ஓட்டை போட்டுக் குடு சாமி. அடைச்ச ஊட்டுல கரிப்புகை ஆளைக் கொன்னுபோடுமாம்" என்றார்.

அதுவரை எனக்கு அந்த விவரம் தெரியாது. நல்லது கெட்டது சொல்லித்தர ஒரு அண்ணன் வேண்டுமல்லவா? சாண் அகலத்துக்குத் துளை வெட்டிக்கொடுத்தேன். அண்ணி மோர் கொண்டுவந்து வைத்து, "கையைப் பாத்துங்க தம்பி" என்றார்.

தை மாதம் ஆண்பிள்ளை பிறந்தது. எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். மறுநாள் அந்தத் துளைக்கு ஒரு மூடி வெட்டினேன். மழைக்கு ஆகும் என்றேன். தையில் ஏது மழை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் ஏணி வைத்து ஏறி மூடினேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, அருமையான பொருத்தம். அன்று குழந்தைக்கு இருமல் என்று மருத்துவச்சி ஆத்தாயி அதை வேறு அறைக்கு எடுத்துப்போயிருந்தாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் எதையுமே முறையாகச் சொல்கிற வழக்கம் கிடையாது.

காலையில் அண்ணி எழுந்திருக்கவில்லை. ஆத்தாயி நிமிர்ந்து பார்த்தாள், துளையில் வானம் தெரியவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, "ஏஞ்சாமி?" என்று மட்டும் கேட்டார். அப்போது எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அண்ணியைக் கொன்றவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அவர் எனக்குத் தாய் மாதிரி. அந்த மூடியை நான் குழந்தைக்காகத்தான் வெட்டினேன்.